மலை மேல் கம்ப்யூட்டருக்கு எந்த ரெய்டு?

கொல்லிமலையில் செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ ஸ்டுடியோ, டிடிபி கடை, மிளகு வியாபாரம் என்று ஒரே கம்ப்யூட்டரை நம்பித் தொழில் நடத்துகிறவருக்கு ஹார்டு டிஸ்க் போனால் அது சின்ன விஷயமில்லை. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, காரவள்ளி தாண்டி, நாமக்கல்லிலோ சேலத்திலோ டிஸ்கைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இ-சேவையில் வாங்கும் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் அரசு சர்வரில் இருக்கின்றன; மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கல்யாண வீடியோவும் மூன்று வருட வரவு செலவும் அப்படியில்லை. இதற்குத்தான் ரெய்டு. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் முன்வைத்த யோசனை: விலை உயர்ந்த ஒரு டிஸ்குக்குப் பதில் மலிவான டிஸ்குகள் பலவற்றைச் சேர்த்து, ஒன்று செத்தாலும் தகவல் பிழைக்கும்படி செய்வது. இரண்டு டிஸ்கிலும் ஒரே தகவலை எழுதும் ரெய்டு 1 அதன் எளிய வடிவம். அதை ஹார்டுவேர் கார்டு போட்டுச் செய்வதா, சாப்ட்வேரிலேயே செய்வதா? மலை மேல் இருக்கும் ஒரு டெஸ்க்டாப்புக்குச் சாப்ட்வேர்தான் சரி என்பது என் முடிவு. விலை இதில் இரண்டாம்பட்சம். பழுதானால் யாரால், எதைக்கொண்டு திறக்க முடியும் என்பதுதான் முதல் கேள்வி.

கடையில் ரெய்டு என்ற ஒரே பெயரில் மூன்று பொருள்கள் விற்பனையாகின்றன. சொந்தப் பிராசசரும் மெமரியும் உள்ள தனிக் கார்டு ஒன்று. மதர்போர்டு பெட்டியில் அச்சடித்திருக்கும் ரெய்டு இன்னொன்று; பயாஸில் அதற்கு ஒரு மெனு இருந்தாலும் வேலையைச் செய்வது டிரைவரும் உங்கள் பிராசசரும்தான். ஹார்டுவேர் வேடம் போட்ட சாப்ட்வேர் அது. மூன்றாவது, லினக்ஸின் எம்டிஏடிஎம், விண்டோஸின் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் போன்ற நேரடிச் சாப்ட்வேர். தனிக் கார்டு பெரும்பாலும் டிஸ்கில் தனக்கே உரிய முறையில் தகவலை அடுக்குகிறது. டிஸ்க் இரண்டும் நல்லபடி இருந்து கார்டு மட்டும் போனால், அதே கம்பெனியின் அதே வகைக் கார்டைத் தேட வேண்டும். அந்த மாடல் நின்றுபோயிருந்தால் சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் கிடைக்குமா என்று அலைய வேண்டியதுதான். பூட்டை நம் வீட்டில் மாட்டிவிட்டுச் சாவியைக் கடைக்காரரிடம் விட்டுவருகிற மாதிரி. லினக்ஸ் ரெய்டில் அமைப்பு விவரம் டிஸ்கிலேயே எழுதப்பட்டிருக்கும். எந்தக் கம்ப்யூட்டரிலும் மாட்டி, பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றித் திறந்துவிடலாம். ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டிஸ்குகளையும் அதே விண்டோஸோ அதற்குப் பிந்தையதோ உள்ள வேறு கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியும்.

கார்டுதானே வேகம் என்பார்கள். ஒரு காலத்தில் உண்மை. ஒரு டிஸ்க் போனால் தகவலை மீட்பதற்காக ரெய்டு 5 போடும் பாரிட்டிக் கணக்கையே இன்றைய பிராசசர் நொடிக்குப் பல ஜிபி வேகத்தில் போடுகிறது. சுழலும் டிஸ்கோ நொடிக்கு 200 எம்பி சுமாருக்குத்தான் எழுதும். ரெய்டு 1இல் கணக்கே கிடையாது. கரண்ட் போனால் கார்டில் உள்ள பேட்டரி காப்பாற்றுமே என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. மழையும் காற்றும் மரத்தை மின்கம்பியில் சாய்க்கும் ஊரில் அதைத் தட்டிவிட முடியாது. ஆனால் அந்தப் பேட்டரி கார்டுக்குள் வந்துசேர்ந்த தகவலை மட்டுமே காக்கும். நீங்கள் சேவ் செய்யாத கணக்கு போனது போனதுதான். ஒரு யுபிஎஸ் இரண்டையும் காக்கும். சாப்ட்வேர் ரெய்டு சிரமம் என்பது ஓரளவு சரி. ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் விண்டோஸையே வைத்து பூட் செய்வது சாதாரணமாக நடக்காது. விண்டோஸுக்குச் சின்ன எஸ்எஸ்டி ஒன்று, வேலைக்கு இரட்டை டிஸ்க் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விண்டோஸை மறுபடி போட்டுக்கொள்ளலாம். லினக்ஸில் நிலவரம் பார்ப்பது இன்னும் எளிது: ரெய்டு நிலையைக் காட்டும் கோப்பைத் திறந்தால் அடைப்புக்குறிக்குள் 'யூ' என்ற ஆங்கில எழுத்து இரண்டு தெரியும். ஒரு டிஸ்க் செத்தால் ஒரு 'யூ' இருந்த இடத்தில் வெறும் கோடு. எது செத்தது என்று தெரியாமல் நல்ல டிஸ்கைப் பிடுங்கிவிடுவதும் உண்டு என்பதால், மாட்டும்போதே இரண்டின் சீரியல் எண்ணையும் வெளியே தெரிகிற பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

எந்த ரெய்டும் பேக்கப் ஆகாது. ஒரு டிஸ்கில் நீங்கள் அழித்த கோப்பை மற்றதும் அதே கணம் அழிக்கும்; வைரஸ் பூட்டினால் இரண்டும் சேர்ந்தே பூட்டப்படும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் ரான்சம்வேர் புகுந்தபோது ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. நோயாளிப் பதிவு நாள்கணக்கில் கையால் நடந்தது. டிஸ்க் கெடாமலே தகவல் போகும் வழி இது. ஆகவே மூன்றாவதாக ஒரு வெளி டிஸ்க் வேண்டும். வாரம் ஒருமுறை நகலெடுத்துக் கழற்றி, கடையில் வைக்காமல் வேறு கட்டடத்தில், முடிந்தால் கீழே நாமக்கல்லில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். வாங்கப் பணம் போதாது என்றால் ரெய்டை விட்டுவிட்டு இதை மட்டும் வாங்குங்கள்.

இனி உரிமை. 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் 'ரெட்' வரிசையின் சில டிஸ்குகளில், ரெய்டில் மீட்கும்போது திணறக்கூடிய எஸ்எம்ஆர் என்ற எழுதும் முறையைச் சொல்லாமலே பயன்படுத்தியது வெளிவந்தது. பிறகு கம்பெனி மாடல் வாரியாகப் பட்டியல் கொடுத்தது. வட அமெரிக்காவில் வழக்குகளும் வந்தன. நம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாடு என்கிறது. பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். எனவே கொட்டேஷனில் 'ரெய்டு உண்டு' என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். மூன்றில் எந்த வகை, ரெய்டு எண் எது, டிஸ்கின் முழு மாடல் பெயர் என்ன என்பதை எழுதி வாங்குங்கள். வேகத்துக்காகத் தகவலை இரண்டு டிஸ்கிலும் பிரித்து எழுதும் ரெய்டு 0வும் ரெய்டுதான். அதில் ஒன்று செத்தால் எல்லாமே போச்சு. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவரும் சட்டப்படி நுகர்வோரே. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். தீராவிட்டால், வாங்கிய கடை சேலத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் நாமக்கல் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் வாரண்டி டிஸ்குக்குத்தான், தகவலுக்கு இல்லை என்று கம்பெனிகள் முன்கூட்டியே எழுதிவிடுகின்றன. தகவலுக்கு நஷ்டஈடு கேட்பது கடினம்.

வாரண்டியில் கொடுக்கும் டிஸ்கோடு வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்களும் பேங்க் பாஸ்புக் ஸ்கேன்களும் சேர்ந்தே போகின்றன. செத்த டிஸ்கை அழித்துவிட்டுக் கொடுக்க வழியில்லை. அதனால் ரெய்டு அமைக்கும் அன்றே என்கிரிப்ஷனும் போட்டு, அந்தச் சாவி எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கம்ப்யூட்டரிலிருந்து தள்ளி வையுங்கள்.