தொடர் கொலைகள்: உளவியல் உருவரைவு கேட்காத கேள்வி

தொடர் கொலையாளியைப் பற்றிய திரைப்படங்களிலும் ஓடிடி தொடர்களிலும் ஒரு காட்சி தவறாது இடம்பெறுகிறது. கொலை நடந்த இடத்தை ஒருமுறை சுற்றிவரும் அதிகாரி, கொலையாளியின் வயது, தொழில், குழந்தைப் பருவம் அனைத்தையும் சொல்லிவிடுகிறார். குற்ற உளவியல் படிக்க விரும்பும் மாணவர் பலரை ஈர்ப்பதும் இக்காட்சியே. ஆனால், இந்தியாவில் நடந்த தொடர் கொலை வழக்குகளின் ஆவணங்களைப் படிப்போர்க்கு வேறொரு கேள்வி எழும்: முதல் ஆள் காணாமல் போனபோது காவல் நிலையம் என்ன செய்தது?

உருவரைவு எனும் முறை

வெவ்வேறு நிகழ்வுகளில் இருவரையோ அதற்கு மேற்பட்டோரையோ கொல்பவரைத் தொடர் கொலையாளி என அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வரையறுக்கிறது. அதன் நடத்தை அறிவியல் பிரிவு 1972இல் தொடங்கப்பட்டது. ராபர்ட் ரெஸ்லர், ஜான் டக்ளஸ் முதலிய அதிகாரிகள் சிறைகளில் 36 கொலையாளிகளை நேர்காணல் செய்தனர். திட்டமிட்டுத் தடயம் மறைப்போர், திட்டமின்றித் தடயம் விட்டுச் செல்வோர் என இரு வகை உண்டென்று அவர்கள் கருதினர். குற்றம் நடந்த இடத்தின் தன்மையிலிருந்து குற்றவாளியின் தன்மையை ஊகிக்கும் ‘புரொஃபைலிங்’ எனும் உருவரைவு முறை இதனால் புகழ்பெற்றது.

இவ்வகைப்பாட்டைப் பிரிட்டனின் உளவியலாளர் டேவிட் கேன்டரும் அவர் குழுவினரும் 2004இல் சோதித்தனர். அமெரிக்கத் தொடர் கொலையாளிகள் 100 பேரின் குற்றங்களை ஆராய்ந்தபோது, அவை இரண்டு தனி வகைகளாகப் பிரியவில்லை.

உளவியலுக்கு நீதிமன்றத்தில் முறையான இடமும் உண்டு. 1960களில் பம்பாயில் நடைபாதைகளிலும் குடிசைகளிலும் உறங்கிய ஏழைகளைக் கொன்ற ராமன் ராகவுக்கு முதலில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மருத்துவர்கள் மனச்சிதைவு நோயை உறுதிசெய்த பின், அது 1987இல் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. மரண தண்டனை விதிக்குமுன் குற்றவாளியின் மனநல மதிப்பீட்டைப் பெற வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இவை குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட ஒருவரைப் புரிந்துகொள்ளும் முயற்சிகள். யார் குற்றவாளி என்பதற்கு உருவரைவு சான்றாகாது. பாரதிய சாட்சிய சட்டத்தின் 49ஆம் பிரிவும் ஒருவரின் பழைய கெட்ட நடத்தையைப் பொதுவாகச் சான்றாக ஏற்பதில்லை.

கடற்கரைச் சாலையின் வழக்கு

மாமல்லபுரம் வட்டாரத்துக்கு நெருக்கமான வழக்கு ஆட்டோ சங்கருடையது. கௌரி சங்கர் என்ற இயற்பெயர் கொண்ட அவர், திருவான்மியூருக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட கடலோர ஊர்களின் கள்ளச் சாராயத்தை ஆட்டோவில் கடத்தத் தொடங்கி, பின்னர் பாலியல் தொழிலை நடத்தினார். 1980களின் பிற்பகுதியில் நடந்த ஆறு கொலைகளுக்காகச் செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் 1991 மே 31 அன்று அவருக்கு மரண தண்டனை விதித்தது. 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

இவரை ‘மனநோயாளி’ என்று எழுதுவது எளிது. ஆனால் அக்கொலைகள் அவர் நடத்திய தொழிலையும் அதைச் சுற்றிய பகையையும் ஒட்டி எழுந்தவை. அப்படியொரு தொழில் காவல் நிலையங்களின் கண்ணெதிரே எவ்வாறு ஆண்டுக்கணக்கில் நடந்தது? சிறையில் அவர் எழுதிய தன்வரலாற்றில் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளுடன் தொடர்பு இருந்ததாகக் குறிப்பிட்டார். அதை நக்கீரன் வெளியிட முனைந்தபோது, வெளியிடக் கூடாது என்று சிறைத்துறைத் தலைவர் கடிதம் எழுதினார். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அவ்வழக்கில், தம்மீது அவதூறு வரக்கூடும் என்ற அச்சத்தால் அதிகாரிகள் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தரங்க உரிமையின் அடிப்படைத் தீர்ப்புகளுள் ஒன்றாக அது சட்டக் கல்லூரிகளில் பயிற்றுவிக்கப்படுகிறது. அந்த அதிகாரிகள் மீதான குற்றச்சாட்டுகள் உண்மையா என்பது அவ்வழக்கின் கேள்வியாக இருக்கவில்லை.

நிதாரி

நொய்டாவை அடுத்த நிதாரியில் 2006 டிசம்பர் இறுதியில் ஒரு வீட்டை ஒட்டிய சாக்கடையில் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. குழந்தைகள் காணாமல் போவதாகப் புலம்பெயர்ந்த கூலித் தொழிலாளர் குடும்பங்கள் அதற்கு வெகுமுன்பே காவல் நிலையத்தில் முறையிட்டிருந்தன. அம்முறையீடுகள் மதிக்கப்படவில்லை. எலும்புகள் கிடைத்த பிறகோ, அவ்வீட்டுப் பணியாளர் சுரேந்திர கோலி நரமாமிசம் தின்றவராக நாடெங்கும் சித்திரிக்கப்பட்டார்.

2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவரை 12 வழக்குகளில் விடுவித்தது. அவர் 60 நாட்கள் போலீஸ் காவலில் மருத்துவப் பரிசோதனையின்றி வைக்கப்பட்ட பின் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை அது ஏற்கவில்லை. உறுப்புக் கடத்தல் கோணம் முறையாக விசாரிக்கப்படாததையும் கண்டித்தது. எஞ்சிய வழக்கிலும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அக்குழந்தைகளின் கொலைக்காக இன்று தண்டனையில் இருப்பவர் எவருமில்லை. ‘அரக்கன்’ என்ற உருவரைவு புலனாய்வின் இடத்தைப் பிடித்துக்கொண்டதன் விலை இது.

சமூகத்தின் மீது வரையப்பட்ட உருவம்

உருவரைவு நம் மண்ணுக்குப் புதிதன்று. 1830களில் ‘தக்’ எனப்பட்டோரின் மண்டையோடுகள் ஏழு, கபால ஆய்வுக்காக எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டன. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பையே குற்ற மனத்தின் அடையாளமாக்கியது. 1911க்குப் பின் சென்னை மாகாணத்தில் குறவர், பிரமலைக் கள்ளர் முதலியோர் அதன்கீழ் கைரேகை பதிக்கப்பட்டுக் கண்காணிக்கப்பட்டனர். சட்டம் ஒழிந்தது, மனப்பான்மை ஒழியவில்லை. ‘ஜெய் பீம்’ படத்துக்கு அடிப்படையான 1993ஆம் ஆண்டுக் கம்மாபுரம் காவல் மரணத்தில் இறந்தவர், திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட குறவர். சீர்மரபினரை ‘வழக்கமான குற்றவாளிகள்’ எனச் சிறை விதிகளில் குறிப்பதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2024 அக்டோபரில்தான்.

உண்மை கண்டறியும் சோதனை, நார்கோ சோதனை, மூளை வரைபடச் சோதனை ஆகியவற்றை ஒப்புதலின்றி நடத்தக் கூடாது என்ற 2010ஆம் ஆண்டின் செல்வி தீர்ப்பை எழுதியவர், தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன். சந்தேகிக்கப்படுபவரின் மனத்துக்குள் அரசு வலிந்து நுழைய முடியாது என்பதே அதன் சாரம்.

நாம் செய்ய வேண்டியது

பாலியல் தொழிலாளர், வீடற்றோர், புலம்பெயர்ந்தோர் ஆகியோர் கொல்லப்பட்டால் சமூகம் அதைக் குறைந்த இழப்பாகவே கருதுகிறது என்று அமெரிக்கக் குற்றவியலாளர் ஸ்டீவன் எகர் சுட்டினார். நாம் இங்கே சாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அணுபுரத்து ஊழியர் குடியிருப்பில் ஒருவர் காணாமல் போனாலும், செங்கல்பட்டுச் செங்கல் சூளையொன்றில் ஓர் இருளர் பெண் காணாமல் போனாலும் காவல் நிலையம் ஒரே வேகத்தில் எழுமா?

சட்டம் நம்மிடம் சில கருவிகளைத் தந்துள்ளது. கைது செய்யத்தக்க குற்றம் குறித்த தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்கிறது 2013ஆம் ஆண்டின் லலிதா குமாரி தீர்ப்பு. காணாமல் போன குழந்தை குறித்த ஒவ்வொரு புகாரும் முதல் தகவல் அறிக்கையாக வேண்டும் என்று பச்பன் பச்சாவ் ஆந்தோலன் வழக்கில் அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடக் கூடாது. பதிய மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். 173(4)இன்படி காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துவழி அனுப்பி, அடுத்து நீதித்துறை நடுவரை அணுகலாம். சட்டவிரோதக் காவலில் இருப்பதாகக் கருதக் காரணமிருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் புகாரை வேண்டுமென்றே பதியாத அதிகாரி மீது அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு பாயும்.

ஒரு கொலை தொடர் கொலையாவதற்கு முதல் கொலைக்கும் இரண்டாவது கொலைக்கும் இடையே காலம் வேண்டும். காணாமல் போன முதல் மனிதரின் பெயரை உரிய நாளில் பதிவேட்டில் ஏற்ற வைப்பது, அந்தக் காலத்தைக் கொலையாளிக்கு மறுப்பதாகும்.