கரை போட்ட மீன்!

வீட்டில் அம்மாவோ பாட்டியோ பத்திரமாக வைத்திருக்கும் காஞ்சிபுரம் பட்டுச்சேலையை ஒரு முறை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். (கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள், இல்லாவிட்டால் திட்டு விழும்!) சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம் என்று பளிச்சென்று இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் நூலோடு நூலைக் கோத்து நெய்வார்கள். அதற்குப் பெயர் கோர்வை. உடலில் கட்டம் அல்லது புட்டா இருக்கும். கரையில் மயில், அன்னம், ருத்ராட்சம் என்று வரிசையாக வரும்.

இதே போல் கரை போட்ட உடையுடன் ஒரு மீன், நம் தமிழகக் கடலிலேயே நீந்திக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் சிவப்புவால் பட்டாம்பூச்சி மீன். அதைப் பார்க்க வேண்டும் என்றால் காஞ்சிபுரத்தை விட்டுத் தெற்கே, ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருக்கும் மன்னார் வளைகுடாவுக்குப் போக வேண்டும். அங்கேதான் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன.

மீன் ஒரு சாண் நீளம்கூட வராது. தட்டு போல் தட்டையான உடல். பழுப்பு நிறச் செதில் ஒவ்வொன்றுக்கும் வெளிர் நிற ஓரம். பார்த்தால் நெசவில் போட்ட சின்னக் கட்டம் போலவே தெரியும். முகம் கறுப்பு. கண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பட்டை. வாலின் அடியில் நல்ல சிவப்பு, அடுத்து ஒரு கறுப்புக் கோடு, ஓரத்தில் வெள்ளை. கரை ஜோர்தானே? 1787ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியைச் சேர்ந்த பிளாக் என்ற அறிஞர் இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார்.

பட்டாம்பூச்சி மீன்களில் சுமார் 130 வகைகள் உண்டு. பலவற்றுக்குக் கண்ணை மறைப்பது போல ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். சிலவற்றுக்கு வால் பக்கத்தில் பெரிய பொய்க்கண்ணும் உண்டு, சேலையில் மயில்கண் போட்ட மாதிரி! பெரிய மீன் அதைத் தலை என்று நினைத்துப் பாயும். இது எதிர்ப்பக்கமாக ஓடித் தப்பித்துவிடும். குஞ்சாக இருக்கும்போது இந்த மீன்களின் தலையில் எலும்புத் தகடுகள் கவசம் போல மூடியிருக்கும். பைக் ஓட்டும் அண்ணன்களைவிடப் பொறுப்பு!

சரி, இது என்ன சாப்பிடும்? இங்கேதான் சிக்கல். சிவப்புவால் மீனின் முக்கிய உணவு பவள உயிரிகள். பவளப்பாறை என்பது உண்மையில் பாறை அல்ல. ஆயிரக்கணக்கான குட்டி உயிர்கள் சுண்ணாம்பு வீடு கட்டிக் கூட்டமாக வாழும் காலனி அது. (மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் வேறு வகை.) முடி போன்ற மெல்லிய பற்களால் அந்த உயிர்களை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும் இந்த மீன். பாறை அழியாது, மீனுக்கும் வயிறு நிறையும்.

ஆனால் அந்த உயிரிகள் செத்துப்போனால்? பவளத்துக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. நிறமும், உணவில் பெரும்பங்கும் அவை கொடுப்பதுதான். கடல் நீர் அளவுக்கு மேல் சூடானால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெள்ளைவெளேர் என்று ஆகிவிடும். நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினியால் இறக்கும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் இப்படி ஏராளமான பவளம் வெளுத்து இறந்தது.

அதற்கு முன்பே மனிதர்களாலும் நிறைய அழிந்திருக்கிறது. சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். இங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு கடலில் மூழ்கிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். 1986இல் இப்பகுதி கடல் தேசியப் பூங்கா ஆனது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு!

'அழகாக இருக்கிறதே, வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கலாமா?' என்று கேட்பீர்கள். வேண்டாம். பவளத்தையே தின்று பழகிய மீன், கடையில் விற்கும் தீனியைத் தொடாமலே போகலாம். அப்படியானால் கண்ணெதிரே மெலிந்து மெலிந்து செத்துப்போகும்.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார், உயிருள்ள பவளத் துண்டுகளைச் சிமென்ட் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கிறார்கள், நாற்று நடுவது போல. பவளம் நலமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்கள் பட்டாம்பூச்சி மீன்களையும் எண்ணிப் பார்க்கிறார்கள். கடலடியில் நீளமாக ஒரு டேப்பை விரித்து, அதன் மேலேயே மெதுவாக நீந்திப்போய், கண்ணில் படும் மீனை எல்லாம் எழுதுவார்கள். தண்ணீருக்குள் எப்படி எழுதுவது என்கிறீர்களா? பிளாஸ்டிக் பலகையும் நீங்கள் பள்ளிக்கு எடுத்துப் போகும் சாதாரணப் பென்சிலும் போதும்!