சிரிக்கச் சொல்லும் அதிகாரம்

"தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்." நோயாளியின் கட்டிலருகே நின்று நாம் எல்லோருமே இதைச் சொல்லியிருக்கிறோம். அன்பில் சொல்வதுதான். ஆனால் இந்த ஆறுதல் கட்டளையாக மாறும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தைத் தன் உடம்பின் வழியாகவே அடையாளம் காட்டியவர் ஆட்ரி லார்ட்.

1934இல் நியூயார்க்கில் பிறந்தவர். கறுப்பினக் கவிஞர், பெண்ணியவாதி, லெஸ்பியன். இவற்றில் எதையும் மறைத்துக்கொள்ள மறுத்தவர். 1978இல் புற்றுநோய்க்காக அவரது ஒரு மார்பகம் அகற்றப்பட்டது. மருத்துவமனையில் படுத்திருந்தவரைப் பார்க்க ஒரு தன்னார்வப் பெண் வந்தார். கையில் ஆட்டு ரோமத்தால் செய்த மார்பக வடிவப் பஞ்சு. இதை வைத்துக்கொண்டால் முன்போலவே தெரியலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றார். பஞ்சின் நிறமோ வெளிறிய இளஞ்சிவப்பு. முன்போல ஆவதற்குக்கூட வெள்ளைத் தோல் வேண்டும் போலிருக்கிறது!

சில நாட்கள் கழித்து அந்தப் பஞ்சு இல்லாமல் மருத்துவரிடம் போனார் லார்ட். நீங்கள் இப்படி வந்தால் இங்கே எல்லோருடைய உற்சாகமும் கெட்டுவிடும் என்றார் நர்ஸ். யாருடைய உற்சாகம்? சிகிச்சைக்கு வந்திருப்பவர் லார்ட். காப்பாற்ற வேண்டியதோ பார்க்கிறவர்களின் நிம்மதியை. திணிக்கப்படும் உற்சாகத்தின் சூட்சுமம் இதுதான். பஞ்சு வைத்துக்கொள்ள விரும்பும் பெண்களோடு லார்டுக்குச் சண்டை இல்லை. வேறு வழியே இல்லை என்று ஆக்குவதோடுதான் சண்டை. போரில் கண்ணை இழந்த இஸ்ரேலியத் தளபதி மோஷே தயானிடம் கண்ணாடிக் கண் வைத்துக்கொள்ளும்படி யாரும் கேட்பதில்லையே என்று கேட்டார் அவர். ஆணின் இழப்பு வீரத்தழும்பு, பெண்ணின் இழப்பு அலங்காரக் குறைபாடு.

இந்தக் கதையாடலுக்கு இன்னொரு முகம் உண்டு. உண்மையில் சந்தோஷமாக இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்று ஒரு மருத்துவர் எழுதியதை லார்ட் கடுமையாக எதிர்கொண்டார். அப்படின்னா என்ன அர்த்தம்? நோய் வந்தால் அது உன் தப்பு. நீ சரியாகச் சிரிக்கவில்லை. ஆலையும் ரசாயனமும் மருந்துக் கம்பெனியும் தப்பித்துவிடும். தலை, கழுத்துப் புற்றுநோய் கண்ட 1,093 பேரை ஆராய்ந்து ஜேம்ஸ் காய்ன் குழுவினர் 2007இல் வெளியிட்ட முடிவு, நோயாளியின் மனநிலை அவர் எவ்வளவு காலம் உயிரோடிருப்பார் என்பதைத் தீர்மானிக்கவில்லை என்றது.

அப்படியானால் நம்பிக்கையே கூடாதா? லார்ட் செய்தது வேறு. பயத்தையும் துக்கத்தையும் கோபத்தையும் நாட்குறிப்பில் அப்படியே எழுதினார். 1980இல் அது 'புற்றுநோய்க் குறிப்பேடுகள்' என்று நூலானது. ஒற்றை மார்பகத்தோடு இருக்கும் தன்னை அவர் ஏற்றுக்கொண்டார். இந்த ஏற்பை விதியே என்று அடங்கிப்போவதாக நினைத்துவிடக் கூடாது. பஞ்சுக்குப் பின்னால் ஒளிந்தால் ஒரு பெண்ணுக்கு இன்னொருத்தியை அடையாளம் தெரியாது, தெரிந்தால் ஒன்றுசேரலாம். ஒற்றை மார்பகப் பெண்களின் படை ஒன்று நாடாளுமன்றத்துக்குப் போய், மாட்டுத் தீவனத்தில் புற்றுநோய் உண்டாக்கும் ஹார்மோன்களைத் தடை செய் என்று கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். துக்கத்தின் வழியாக வந்துசேர்ந்த நம்பிக்கை இது. இதற்கு ஒரு முகவரி இருக்கிறது, ஒரு கோரிக்கை இருக்கிறது.

இந்த ஏற்பு அவர் உயிரைக் காப்பாற்றவில்லை. நோய் பரவி 1992இல் இறந்தார். காப்பாற்றியது என்று சொன்னால் நாமும் அதே வியாபாரத்தில் இறங்கியவர்களாவோம். இருந்த நாட்கள் பொய்யில்லாமல் அவருடையவையாக இருந்தன, அவ்வளவுதான்.

நம் இயக்கங்களுக்குள்ளும் அந்த நர்ஸ் இருக்கிறார். தோல்வியைப் பேச எழுந்தவரிடம், "விரக்தியாப் பேசாதீங்க தோழர், மத்தவங்க சோர்ந்துடுவாங்க" என்கிறோம். அவர் உட்கார்ந்துவிடுகிறார். கூட்டம் உற்சாகமாக முடிகிறது. அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவதில்லை.