ஒரு லிட்டர் பெட்டி, 35 வாட் மின்சாரம்

வங்கிக் கவுன்ட்டரிலோ மருத்துவமனை வரவேற்பறையிலோ மானிட்டரின் முதுகில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் முழுக் கம்ப்யூட்டரும். டெல் நிறுவனத்தில் அதற்கு ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ என்று பெயர். ஹெச்பியில் எலைட்டெஸ்க் மினி. லெனோவோவில் திங்க்சென்டர் டைனி. நீளமும் அகலமும் சுமார் 18 சென்டிமீட்டர், தடிமன் மூன்றரை. பெருக்கிப் பார்த்தால் ஒரு லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். நிறுவனங்கள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு இவற்றை மொத்தமாகக் கழிப்பதால், பழைய கம்ப்யூட்டர் கடைகளில் இன்று குறைந்த விலைக்கு நல்ல பெட்டிகள் கிடைக்கின்றன. அங்கே போனால் முதலில் வரும் கேள்வி, "எந்த ஜென் வேணும் சார்?"

ஜென் என்பது இன்டெல் ப்ராசஸரின் தலைமுறை. ஐ5-6500டி என்றால் ஆறாவது, 8500டி எட்டாவது, 12500டி பன்னிரண்டாவது. கடைசியில் நிற்கும் 'டி' முக்கியம். இந்தச் சில்லு தொடர்ந்து வேலை செய்யும்போது சுமார் 35 வாட்டுக்குள் நிற்கும் என்று அது சொல்கிறது. இவ்வளவு சின்னப் பெட்டியில் உள்ளங்கை அளவு விசிறியால் அதிகச் சத்தம் போடாமல் வெளியேற்ற முடிகிற வெப்பம் ஏறக்குறைய அவ்வளவுதான். 2015-இல் வந்த ஆறாவது தலைமுறைக்கும் அதே 35 வாட், 2022-இல் வந்த பன்னிரண்டாவதின் டி சில்லுக்கும் அதே 35 வாட்.

இப்போது இவற்றின் அடிப்படை வேகத்தைப் பாருங்கள். 6500டி 2.5 கிகாஹெர்ட்ஸ். 8500டி 2.1. 12500டி 2.0. அதற்கும் அடுத்து வந்த 13500டி வெறும் 1.6. எண் இறங்கிக்கொண்டே போகிறது, ஆனால் வேலையோ ஏறிக்கொண்டே போகிறது. இந்தப் பட்டியலை முதன்முதலில் பார்க்கும் யாருக்கும் புதியதுதான் மட்டம் என்று தோன்றும்.

விடை இயற்பியலில் இருக்கிறது. சில்லுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களில் பல ஒவ்வொரு துடிப்பிலும் மின்னேற்றம் பெற்று இழக்கின்றன. அதற்கு ஆகும் மின்சாரம் துடிப்பின் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். மின்னழுத்தத்துக்கோ அதன் வர்க்கத்தில் ஏறும். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் அழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். ஆகவே செலவு ஏறக்குறைய வேகத்தின் மும்மடியில் எகிறுகிறது. காற்றின் தடையைத் தள்ளிக்கொண்டு வேகமாகச் சைக்கிள் மிதிப்பவருக்கு இது தெரியும்: இரு மடங்கு வேகத்துக்கு இரு மடங்கு உழைப்பு போதாது, ஏறக்குறைய எட்டு மடங்கு வேண்டும்.

இதை அப்படியே திருப்பிப் போட்டால் வழி பிறக்கிறது. சில்லுக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளுக்குக் கோர் என்று பெயர். முழு வேகத்தில் ஓடும் நான்கு கோர்களுக்கு 4 பங்கு மின்சாரம், 4 பங்கு வேலை என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பதிலாக ஆறு கோர்களை 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் வேலை 4.8 பங்கு ஆகிவிடும். மின்சாரமோ சுமார் 3.1 பங்குதான். உண்மையான சில்லில் கசிவு, நினைவகச் செலவு என்று கணக்கு கொஞ்சம் மாறும், திசை மாறாது. வேலையைப் பல கோர்களுக்குப் பகிர்ந்து தரும் மென்பொருளாக இருக்க வேண்டும், அவ்வளவே. எட்டாவது தலைமுறையில் நடந்தது இதுதான். ஐ5 நான்கு கோரிலிருந்து ஆறுக்குப் போனது. ஐ3 இரண்டிலிருந்து நான்குக்குப் போய், போன தலைமுறை ஐ5-இன் இடத்தைப் பிடித்தது.

ஒரே கோர் மட்டும் உழைக்கிற நேரத்தில், மற்றக் கோர்களின் பங்கு மின்சாரத்தையும் எடுத்துக்கொண்டு அது பாயும். 12500டி அப்படி 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். 6500டியின் உச்சம் 3.1-தான். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது நாம் உணர்கிற சுறுசுறுப்பு இந்த உச்சத்தில் இருந்து வருகிறது. பெட்டியில் எழுதியிருக்கும் அடிப்படை வேகத்தை வைத்து ஒன்றை ஒதுக்குவது அநியாயம்.

கடைகளில் பெரும்பாலும் சொல்லாத இன்னொரு செய்தி உண்டு. ஆறு முதல் பத்து வரையான ஐந்து மேசைக் கணினித் தலைமுறைகளுக்கும் கோரின் உள்வடிவம் ஏறக்குறைய ஒன்றே: 2015-இல் வந்த ஸ்கைலேக். தயாரிப்பும் அதே 14 நானோமீட்டர் வகைதான், அவ்வப்போது மெருகேற்றப்பட்டது. அடுத்த தயாரிப்பு முறை இன்டெல்லுக்குக் கைகூடத் தாமதமானதால், கோர்களைக் கூட்டியும் உச்ச வேகத்தை உயர்த்தியும் காலம் தள்ளினார்கள். உள்வடிவமும் தயாரிப்பு முறையும் சேர்ந்து மாறியது பன்னிரண்டாவதில்தான். எனவே என் கணக்கில் இந்தப் பெட்டிகளுக்கு இரண்டே படிகள்: எட்டு, பன்னிரண்டு. ஒன்பதுக்காக எட்டைவிட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. பத்தாவது ஐ5-இல் ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை இழைகளைக் கையாளும் என்பது உண்மையான லாபம். விலை வித்தியாசம் சிறிதென்றால் வாங்கலாம்.

எட்டுக்குக் கீழே போகத் தயங்க இன்னொரு காரணம், விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியல் அனேகமாக எட்டாவதில் இருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் போடுபவருக்கு இந்தக் கவலை இல்லை. அவருக்கு ஆறாவதும் நன்றாகவே உழைக்கும். ஆனால் ஹெச்இவிசி முறையில் சுருக்கிய 10-பிட் வீடியோவைத் தனிச் சுற்றால் விரிக்கும் வசதி ஏழாவதில்தான் வந்தது. அது இல்லாத பெட்டியில் அதே வீடியோவைக் கோர்கள் முக்கி முனகி விரிக்கும், விசிறி இரையும். ஏவி1 வீடியோவுக்கு அந்தச் சுற்று வேண்டுமென்றால் பதினொன்றாவதோ அதற்கு மேலோ பார்க்க வேண்டும்.

பெயரை நம்பியும் ஏமாறக் கூடாது. டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 என்ற பெயரில் 2012-இல் மூன்றாவது தலைமுறைக் கம்ப்யூட்டர் வந்தது. 2023-இல் பதின்மூன்றாவது தலைமுறையும் அதே பெயரில் வந்தது. விளம்பரத்தில் 7010 என்று மட்டும் இருந்தால் ப்ராசஸர் எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வாங்கும் இடத்திலேயே மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்வேன். பின்பக்கம் ஒரே ஒரு திருகு, அதைத் தளர்த்தி மூடியைத் தள்ளினால் போதும். லேப்டாப்பில் போடுகிற குட்டி ரேம் இரண்டு செருகும் இடம், எம்.2 எஸ்எஸ்டிக்கு ஒரு பள்ளம், விசிறி, செப்போ அலுமினியமோ ஆன வெப்பத் தகடு. தகட்டின் மெல்லிய இடுக்குகளில் தூசி பஞ்சுபோல அடைத்திருந்தால் 35 வாட் வெப்பம் வெளியேறாது. எந்தத் தலைமுறையானாலும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அடாப்டரையும் பாருங்கள். டெல் பெட்டிகள் அடாப்டரின் நடு ஊசி வழியாக அதன் திறனைக் கேட்டறிகின்றன. பதில் வராவிட்டால் திரையில் எச்சரித்துவிட்டு மெதுவாக ஓடத் தொடங்கும். பன்னிரண்டாவது ஜென் வாங்கி, பொருந்தாத அடாப்டரைச் செருகி, ஆறாவதைவிட மந்தமாக ஓட்டிக்கொண்டிருக்கலாம்.