ஜனாதிபதி ஆன கடலை விவசாயி

‘அமெரிக்காவில் நிலக்கடலை விவசாயி ஒருவர் ஜனாதிபதியாக இருந்தாராமே, நிஜமா? இல்லை, ஓட்டுக்காகச் சொல்லிக்கொண்டதா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நிஜம்தான். 1977 முதல் 1981 வரை ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டர்தான் அவர். விவசாயியே நாட்டின் உச்சப் பதவிக்குப் போனால் விவசாயிகளுக்கு விடிந்துவிடுமா என்ற கேள்விக்கும் அவர் கதையில் பதில் இருப்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1924-ல் ஜார்ஜியா மாநிலத்தின் பிளெயின்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். பக்கத்துக் குக்கிராமமான ஆர்ச்சரியில், அப்பாவின் பண்ணையில் வளர்ந்தார். கடலையும் பருத்தியும் விளையும் பூமி. வீட்டில் மின்சாரம் கிடையாது. சிறுவயதிலேயே பச்சைக்கடலையைப் பிடுங்கி, கழுவி, உப்புப் போட்டு அவித்து, பொட்டலம் கட்டித் தெருவில் விற்றிருக்கிறார். பருத்தியில் கூன்வண்டு விழுந்தால், கால்சியம் ஆர்சனேட்டைக் கரும்புப்பாகில் கரைத்து, துணி சுற்றிய குச்சியால் செடிசெடியாகத் தடவ வேண்டும். ஈ மொய்க்கும், பாகு காய்ந்து கால்சட்டை விறைத்துப் போகும் என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆர்சனிக் என்றால் பாஷாணம். அதைச் சிறுவர்கள் கையாண்ட காலம் அது.

படித்துக் கடற்படை அதிகாரியாகி, அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் திட்டத்தில் வேலை பார்த்தார். 1953-ல் அப்பா இறந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். மனைவி ரோசலினுக்குத் துளியும் விருப்பமில்லை. குடியிருந்தது அரசு கட்டிக்கொடுத்த ஏழைகள் குடியிருப்பில். 1954-ல் கடும் வறட்சி. அந்த ஆண்டு கையில் மிஞ்சியது 200 டாலருக்கும் குறைவு. அணு உலை தெரிந்த மனிதர் வேளாண் வகுப்புகளுக்குப் போய் உட்கார்ந்தார். மனைவி கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

அவர் பிடித்த வழி, சான்று விதைக்கடலை உற்பத்தி. இது விவரமான முடிவு என்பேன். நெல்லைப் போல ஒரு கிலோ விதை நூறு கிலோவாகப் பெருகும் பயிரல்ல கடலை. எட்டு, பத்து மடங்கு பெருகினாலே அதிகம். விதையும் நிறைய வேண்டும், விதைச் செலவே பெரிய செலவு. அதனால் முளைப்புத்திறன் உள்ள நல்ல விதைக்கு எந்த ஊரிலும் தட்டுப்பாடுதான். விதையோடு உரம், கிடங்கு என்று தொழில் விரிந்தது. இடையில், கறுப்பின மக்களுக்கு எதிரான வெள்ளையர் சங்கத்தில் சேர மறுத்ததற்காக ஊரார் சிலர் அவர் கடையைப் புறக்கணித்ததும் உண்டு. கடைசிவரை அவர் சேரவில்லை.

1963-ல் மாநில செனட், 1971-ல் ஆளுநர், 1977-ல் ஜனாதிபதி. எகிப்து–இஸ்ரேல் சமாதானம் போன்றவற்றைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். நமக்கு முக்கியமானது வேறு.

1979 பிப்ரவரியில், விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலை கேட்டு ஆயிரக்கணக்கான விவசாயிகள் டிராக்டரிலேயே வாஷிங்டன் வந்து சேர்ந்தார்கள். 1910-14 காலத்தில் ஒரு மூட்டை தானியத்தை விற்று என்னென்ன வாங்க முடிந்ததோ, அதே வாங்கும் சக்தி இப்போதும் வேண்டும் என்பது கோரிக்கை. ஜனாதிபதி விவசாயி. வேளாண் அமைச்சர் பாப் பெர்க்லாண்டும் மின்னசோட்டா விவசாயிதான். ஆனால் விலைவாசி ஏறும் என்று சொல்லி அரசு மறுத்தது. குப்பை லாரிகளையும் பஸ்களையும் குறுக்கே நிறுத்தி டிராக்டர்களைப் போலீஸ் வளைத்தது. அந்த நேரத்தில் பனி கொட்டி நகரமே முடங்கியது. எந்த டிராக்டர்களை வளைத்தார்களோ, அவைதான் பனியை அள்ளின. டாக்டர்களையும் நர்சுகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

அடுத்த அடி 1980 ஜனவரியில் விழுந்தது. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததால், அந்நாட்டுக்குப் போகவிருந்த 1 கோடியே 70 லட்சம் டன் தானியத்தை கார்ட்டர் நிறுத்தினார். அரசே தானியத்தை வாங்கி விலையைத் தாங்கப் பார்த்தது. சோவியத்தோ அர்ஜென்டினா முதலிய நாடுகளில் வாங்கிக்கொண்டது. சந்தையைப் பறிகொடுத்த கோபம் கோதுமை, மக்காச்சோள விவசாயிகளிடம் தங்கிவிட்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்க ஈரான் பிணைக்கைதிகள், விலைவாசி என்று பெரிய காரணங்கள் இருந்தன. இதையும் விட்டுவிட முடியாது. பயிர் வைத்தவருக்கே விலைப் பிரச்னை பிடிபடாமல் போகுமா என்று கேட்கலாம். தெரிந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபின் நகரத்துக்காரரின் மளிகைக் கணக்கும் ராணுவக் கணக்கும் முன்னால் வந்துவிடுகின்றன.

பதவியில் இருக்கும்போது தொழிலைப் பிறர் பொறுப்பில் ஒப்படைத்திருந்தார். திரும்பி வந்து பார்த்தால், வறட்சியும் சரியில்லாத நிர்வாகமும் சேர்ந்து 10 லட்சம் டாலருக்கு மேல் கடன். கிடங்குத் தொழிலை விற்றுக் கடனை அடைத்தார். நிலத்தை விற்கவில்லை.

அதன்பிறகு செய்ததுதான் அவரது பெரிய வேலை என்பது என் கருத்து. குளத்துத் தண்ணீரால் பரவும் நரம்புச் சிலந்தி நோயை நம் பெரியவர்கள் அறிவார்கள்; 2000-ல் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. 1986-ல் உலகில் சுமார் 35 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர் தொடங்கிய கார்ட்டர் மையம் முன்நின்று நடத்திய வேலையில் மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. குடிநீரைத் துணியில் வடிகட்டுவது, புண்ணோடு யாரும் குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்வது, இவைதான். 2024-ல் கண்டறியப்பட்டவர்கள் 15 பேர்.

2017-ல் தன் நிலத்தில் 10 ஏக்கரைச் சூரிய மின் தகடுகளுக்குக் குத்தகைக்கு விட்டார். பிளெயின்ஸ் ஊரின் மின் தேவையில் பாதிக்கு மேல் அங்கிருந்து கிடைத்தது. 2024 டிசம்பர் 29-ல், நூறு வயதில் அதே ஊரில் இறந்தார். வீட்டருகே, மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.