நடந்து போன கலங்கரை விளக்கம்

1999 ஜூன் 17 அன்று, 60 மீட்டர் உயரமுள்ள செங்கல் கோபுரம் ஒன்று தன் இடத்தை விட்டுக் கிளம்பியது. இடிக்கவில்லை, பிரித்து அடுக்கவும் இல்லை. நின்ற கோலத்திலேயே 23 நாளில் சுமார் 880 மீட்டர் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில், ஹாட்டரஸ் தீவில் இருக்கும் கேப் ஹாட்டரஸ் கலங்கரை விளக்கம்தான் அது. எடை சுமார் 4,400 டன்.

1870-ல் முதன்முதலில் விளக்கேற்றியபோது கடல் ஏறத்தாழ 450 மீட்டர் தள்ளி இருந்தது. 1970-ல் அந்த இடைவெளி 40 மீட்டருக்கும் குறைந்துவிட்டது. ஹாட்டரஸ் முழுக்க மணலாலான தடுப்புத் தீவு. புயலலைகள் கடலோர மணலை அரித்து, தீவின் மேலாக வாரிக்கொண்டு போய் மறுபக்கத்தில் கொட்டுகின்றன. கடல் மட்டம் உயர உயர, தீவே நிலப்பகுதியை நோக்கி மெல்ல நகர்கிறது. கோபுரமோ நின்ற இடத்திலேயே நின்றது.

அதன் அஸ்திவாரம் இன்னும் வியப்பானது. குழி தோண்டி, நிலத்தடி நன்னீருக்குள் பைன் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன்மேல் கருங்கல் வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆக்சிஜன் எட்டாத நன்னீரில் மூழ்கிய மரம் எளிதில் மட்காது. ஆனால் உப்புநீர் புகுந்தால் மரம் துளைக்கும் கடலுயிரிகளும் கூடவே வரும். மேலே இருக்கும் மணல் அரித்துப் போனால், கட்டைகளின் பிடிமானமும் போய்விடும்.

1930-கள் முதல் கடலோடு மல்லுக்கட்டினார்கள். தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள், மணலைக் கொட்டினார்கள், மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். தடுப்புச் சுவர் ஒரு பக்கம் மணலைச் சேர்க்கும்; நீரோட்டம் போகும் மறுபக்கத்தில் அரிப்பைக் கூட்டும். கடைசியில் 1988-ல் நிபுணர் குழு ஒன்று, கோபுரத்தையே நகர்த்துவதுதான் வழி என்றது. வழியிலேயே சரிந்துவிடும் என்று பயந்து எதிர்த்தவர்களும் உண்டு.

அடிப்பகுதியை வைரத் துகள் பதித்த கம்பியால் அறுத்து, பழைய அஸ்திவாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றி, அந்த இடத்தில் எஃகு உத்திரங்களைச் செருகினார்கள். பிறகு 100 ஹைட்ராலிக் ஜாக்கிகள் கோபுரத்தைச் சுமார் 1.8 மீட்டர் உயர்த்தின. நுட்பமே இந்த ஜாக்கிகளை இணைத்த விதத்தில்தான். அவற்றை மூன்று தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எண்ணெய் அழுத்தம் சமமாகப் பரவும்படி செய்தார்கள். தரை மேடுபள்ளமாக இருந்தாலும் முக்காலி ஆடாதல்லவா? அதே கணக்கு. ஒரு மூலை சற்றே தாழ்ந்தாலும் சுமை ஒரே இடத்தில் குவிந்து செங்கல்லைப் பிளக்காது. அடியில் உருளைகள், அவற்றுக்கு எஃகுத் தடம். பின்னாலிருந்து தள்ளும் ஜாக்கிகள் ஒரு தள்ளுக்கு ஒன்றரை மீட்டர் வீதம் நகர்த்தின. சாய்வையும் அதிர்வையும் கருவிகள் இடைவிடாமல் கண்காணித்தன.

ஜூலை 9 அன்று பயணம் முடிந்தது. நவம்பரில் விளக்கு மறுபடியும் எரிந்தது. 2024-ல் அடுத்த பெரிய புனரமைப்பு தொடங்கியது. இம்முறை கவனம் செங்கல், இரும்பு, வண்ணப் பூச்சு ஆகியவற்றின் மேல். அந்த வேலைகளுக்கு அவகாசம் கிடைத்ததே 1999-ன் இடப்பெயர்ச்சியால்தான். இடம் மாறியபோது கோபுரத்துக்கும் கடலுக்கும் நடுவே மறுபடி ஏறத்தாழ 490 மீட்டர் இருந்தது, அதாவது 1870-ல் இருந்ததைவிடச் சற்றே அதிகம். கரை நகர்வது நிற்கப்போவதில்லை. எனவே இந்தத் தீவில் பழைமையைக் காப்பவர்கள் கட்டடத்தோடு கடலின் தூரத்தையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.