ஏன் நடுங்குகிறது இந்த மோட்டார் சைக்கிள்?

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே கொட்டாஞ்சேனைக்கு மோட்டார் சைக்கிளில் சென்று இறங்கும்போது, உள்ளங்கைகள் இரண்டும் மரத்துப்போயிருப்பதைச் சில வாரங்களாகவே உணர்ந்துவந்தோம். வயதின் கோளாறென்றே முதலில் எண்ணினோம். பின்னிருக்கையில் அமர்ந்து பாடசாலைக்கு வரும் மகள், "அப்பா, கால் கூசுகிறது" என்று சொன்ன பின்னர்தான், கோளாறு நம்முடையதன்று, வண்டியினுடையது என்பது புலனாயிற்று.

அயலிலுள்ள கராஜ் ஒன்றிற் காட்டினோம். இரண்டு முறை எஞ்சினை முறுக்கிப் பார்த்த இளைஞர், "கிராங்க் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்று தீர்ப்பளித்துவிட்டார். அவர் கூறிய தொகையோ மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கக்கூடியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலே மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, இருந்த வண்டியையே பேணிக் காத்த எத்தனையோ குடும்பங்களுள் நம்முடையதும் ஒன்று. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில், வாரம் 4 லீற்றர் பெற்றோலைக் குடித்துக்கொண்டு நம்மைச் சுமந்த வண்டி அது. அதன் வயிற்றைக் கிழிக்க மனம் ஒப்பவில்லை.

உண்மையிலே, ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினுக்கு நடுக்கம் பிறவிக்குணம். நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுழலும்போது, அதன் பிஸ்டன் ஒரு செக்கனில் 100 தடவை மேலேறிக் கீழிறங்குகின்றது. ஒவ்வொரு தடவையும் உச்சியிலும் அடியிலும் நின்று திரும்புகின்றது. அந்த உதைப்பைத் தணிக்கக் கிராங்கின் மறுபுறத்தில் எதிர்ப்பாரம் வைப்பார்கள். பிஸ்டனுக்கு ஈடாக முழுப் பாரத்தையும் வைத்தால், மேல்கீழாட்டம் பெரும்பாலும் அடங்கும். ஆனால் அதே ஆட்டம் முன்பின்னாகத் தலைகாட்டும். ஆகவே ஏறக்குறைய பாதியளவு பாரத்தோடு சமரசஞ் செய்துகொள்வது வழக்கம்.

1955இல் சென்னையை அடுத்த திருவொற்றியூரிற் காலூன்றிய 'புல்லட்' வண்டியை அறியாதவர் யார்? அதன் 346 சீ.சீ. எஞ்சினின் நடுக்கத்தைத் தாலாட்டாகவே கொண்டாடிய அன்பர்கள் ஆயிரம் பேர். (நாம் அந்தக் கூட்டத்திற் சேர்ந்தவர்களல்லர்.) அதே நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'மீட்டியோர் 350' வண்டியில், கிராங்குக்கு எதிர்த்திசையிற் சுழலும் சமநிலைத் தண்டொன்று அமைத்து அந்தத் தாலாட்டை அடக்கிவிட்டது.

பிறவிக்குணம் ஒன்று, புதிதாக வந்த நோய் வேறொன்று. அதைப் பிரித்தறியும் வழியைக் கற்பித்தவர், ஜம்பட்டா வீதிக்கு அண்மையில், ஒரு சந்துக்குள் வேலை செய்யும் முதிய மெக்கானிக் ஒருவர். "தம்பி, எஞ்சினைக் கழற்றுவது கடைசி வேலை. எப்போது நடுங்குகிறதென்பதை முதலிற் கண்டு வாரும்" என்று சொல்லித் திருப்பியனுப்பினார்.

ஞாயிறு அதிகாலை. மெரைன் டிரைவில் கடற்காற்றைத் தவிர வேறெவருமில்லை. நடுக்கம் தோன்றும் வேகத்துக்கு வந்ததும், அவர் சொன்னவாறு கிளச்சைப் பிடித்து, எஞ்சினைத் தணியவிட்டு வண்டியை உருளவிட்டோம். நடுக்கம் உடனே நின்றது. நின்றிராவிட்டால் ரயரையோ சில்லின் பெயரிங்கையோ ஐயுற வேண்டும். பின்னர் வண்டியை நிறுத்தி, கியரில்லாமலே எஞ்சினை மெல்ல மெல்ல முறுக்கினோம். ஆட்டம் மீண்டும் வந்தது. எனவே செயினும் பற்சில்லும் குற்றமற்றவை. பாரம் இழுக்கும்போது மட்டும் உதறியிருந்தால் அவற்றையும் பிளக்கையும் பார்த்திருக்க வேண்டும். எஞ்சின், அல்லது அது சட்டத்தோடு பிணைக்கப்பட்ட இடம்: இவ்விரண்டே எஞ்சின.

மறுநாள் பெரியவர் ஸ்பனரைத் தொடவேயில்லை. குனிந்து, எஞ்சினைத் தாங்கும் போல்ற்றுகளைச் சுற்றி விரலால் துடைத்துப் பார்த்தார். மேற்புறத்து போல்ற்றின் ஓரத்தில் செம்பழுப்பு நிறத் தூள் ஒட்டியிருந்தது. இரும்போடு இரும்பு ஓயாமல் உராய்ந்தால் உதிரும் துரு அது. கழற்றிப் பார்த்தால், துளையின் அளவுக்குச் சற்று மெலிந்த போல்ற்! எப்போதோ நடந்த பழுதுபார்ப்பில் யாரோ கைக்குக் கிடைத்ததைச் செருகிவிட்டிருக்கின்றார். துளை இன்னும் நீள்வட்டமாகத் தேய்ந்துவிடாதது நமது நல்லூழ்.

பஞ்சிகாவத்தைக்குச் சென்று சரியான அளவில் ஒன்று வாங்கி வந்தோம். ஒரு சாப்பாட்டுப் பார்சலின் விலைகூட ஆகவில்லை. அதைப் பூட்டியபடியே பெரியவர் இன்னொன்றுஞ் சொன்னார். சமநிலைத் தண்டுள்ள எஞ்சினைத் திறந்து மூடுவோர், அதன் பற்சில்லிலும் கிராங்கின் பற்சில்லிலும் உள்ள குறிகளை நேருக்கு நேராகப் பொருத்த வேண்டும். பிசகினால், நடுக்கத்தை அடக்க வைத்த தண்டே நடுக்கத்தைப் பெருக்கும். நமது வண்டியிலும் அத்தகைய தண்டுண்டு. முதற் கராஜில் எஞ்சினை இறக்கியிருந்தால்? நினைக்கவே அச்சமாயிருந்தது.

இப்போது கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது கை மரப்பதில்லை. மெலிந்த அந்தப் பழைய போல்ற்றை மகள் கேட்டு வாங்கித் தன் பென்சிற் பெட்டியில் வைத்திருக்கின்றாள்.